முழு இழப்பு

காசல்பாரில், மழை ஓயாத ஒரு தெருவின் இரண்டாம் மாடியில்
விலை சொல்வது என் வேலை.
அந்தப் பக்கம் ஒரு குரல், இந்தப் பக்கம் கட்டங்கள்:
வயது, ஊர், விபத்தில்லாத வருடங்கள்,
காருக்கு எத்தனை நட்சத்திரம்.

"நட்சத்திரமா? என் ராசியையா கேட்கிறீர்கள்?"
சிரித்தாள் டெர்வ்லா பாடன்.
பெல்முல்லெட் பக்கம் வீடு வீடாகப் போய்
எழ முடியாதவர்களைக் குளிப்பாட்டி
மாத்திரை எண்ணிக் கொடுப்பவள்.
நாளுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், பாதி இருட்டில்.
சதுப்பின் மேல் போட்ட சாலை,
படுத்திருக்கும் ஆள் மூச்சு விடுவதுபோல்
ஏறி இறங்கும்.

காருக்குப் பதினேழு வயது.
மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரம்,
அதுவும் அந்தக் காலத்து மூன்று.
இன்றைக்கு அது எவ்வளவு என்று எழுத
என்னிடம் கட்டம் இல்லை.

ஐந்து நட்சத்திரக் கார் வாங்குங்கள் என்றேன்.
ஆளுக்கு அடி குறையும், இழப்பீடு குறையும், பிரீமியமும் குறையும்.
மேலிடம் எழுதிக் கொடுத்த வாக்கியம்,
நானும் நம்பித்தான் சொன்னேன்.

நவம்பரில் கூப்பிட்டாள். கடன் சங்கத்தில் வாங்கிய பணம்,
சாம்பல் நிறக் கார், ஐந்து.
எண்ணை உள்ளே போட்டேன்.
நூற்று நாற்பது யூரோ ஏறியது.

பம்பருக்குள் ரேடார் இருக்கிறது, விளக்கினேன்.
கண்ணாடியில் கேமரா.
ஒரு செம்மறி வந்து முதுகு சொறிந்துவிட்டுப் போனாலும்
கழற்றி, மாற்றி, அளவு பார்த்து,
ஒரு குளிர்ப்பெட்டியின் விலை ஆகும்.

வைப்பர் இரண்டு முறை போய்வரும் சத்தம்.
"அப்போ நான் உடைந்தால் மலிவு.
கார் உடைந்தால்தான் விலை."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஐந்து சதவீதம் கழித்தேன்.
அவ்வளவுதான் என் அதிகாரம்.

சோதனைப் படங்களை ஒருமுறை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.
பொம்மையை உட்காரவைத்து முகத்தில் சாயம் பூசுகிறார்கள்,
எங்கே இடித்ததென்று காற்றுப்பையில் பதிய.
சுவர் வருகிறது. வெள்ளை வீங்குகிறது.
பிறகு துணியால் துடைத்து
அடுத்த காரில் ஏற்றுகிறார்கள்.
அவனுக்கு வயதில்லை, ஊரில்லை.
பெல்முல்லெட் என்று ஓர் ஊர் இருந்திருந்தால்
அவனுக்கும் கூட்டித்தான் போட்டிருப்பேன்.

பிப்ரவரி. பேங்கர் எரிஸ் தாண்டி ஒரு வளைவு.
காலை ஆறரை. கறுப்பாய் உறைந்த பனி.
குறுக்கே நின்ற டிராக்டரின் இழுவை வண்டி.
அவளுக்கு முன்னால் காரே பிரேக் பிடித்ததாம்.
பனிக்கு எந்த பிரேக்கும் ஒன்றுதான்.

புகைப்படங்கள் என் மேசைக்கு வந்தன.
முன்பாகம் கசக்கிய ரசீது.
கதவு மட்டும் ஒழுங்காய்த் திறந்து மூடியது
என்று எழுதியிருந்தார் மதிப்பீட்டாளர்.
நான்காவது படம், தொங்கிப்போன காற்றுப்பை.
அதில் சிவப்பாய், சற்றே கோணலாய்
ஓர் உதட்டுச்சாயத் தடம்.

வெகுநேரம் பார்த்தேன்.
பிறகு படிவத்தில் அடித்தேன்: முழு இழப்பு.
ஆளுக்கு என்ற வரியில்: இடது மணிக்கட்டு, சுளுக்கு.

கூப்பிட்டபோது பின்னால் கெட்டில் கொதித்தது.
"கடிதம் வந்தது. முழு இழப்பு என்று போட்டிருக்கிறீர்கள்."
ஒரு மிடறு விழுங்கும் சத்தம்.
"முழு இழப்புக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்."

இருவரும் சிரித்தோம், நான் கொஞ்சம் தாமதமாக.

லாவெல் அம்மாவுக்கு ஏழு மணி மாத்திரையை
இன்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாராம்,
இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டாராம்.
நாளைக்குள் ஒரு வண்டி வேண்டும்.

"சொல்லுங்கள், இனி எவ்வளவு?"

பார்க்க வேண்டும் என்றேன்.
எண் திரையில் ஏற்கெனவே இருந்தது.